செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் நோயாளிகளின் பாதுகாப்பு கூடுமா?

பொறுப்புச்செவிலி எழுதியது:

நான் பணிபுரியும் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை வார்டுகளுக்குக் கூடுதல் செவிலியர்களை நியமிப்பது குறித்து நிர்வாகம் ஒரு முன்மொழிவு கேட்டிருக்கிறது. அதைத் தயாரிக்கும் குழுவில் நானும் இருப்பதால், இத்துறையில் வெளிவந்துள்ள ஆய்வுகளை முறையாகப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, எங்கள் குழு கேள்வியின் ஒரு பாதியை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் வலுத்ததால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இப்பேச்சு எழும் இடங்களில் எல்லாம் முதலில் எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளின் விவரங்களையும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் அளித்த பதில்களையும் அவர்கள் இணைத்துப் பார்த்தார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாள்களுக்குள் நோயாளி இறப்பதற்கான சாத்திய விகிதம் (இறப்பவர்களுக்கும் பிழைப்பவர்களுக்கும் உள்ள விகிதம்) 7 சதவீதம் உயர்ந்திருந்தது. அதே ஒரு நோயாளிக்கு, செவிலியர் கடும் பணிச்சோர்வுக்கு உள்ளாகும் சாத்திய விகிதம் 23 சதவீதமும், வேலையில் மனநிறைவு இழக்கும் சாத்திய விகிதம் 15 சதவீதமும் உயர்ந்திருந்தன. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் நடந்த ஆய்விலும் இறப்பு குறித்து அதே 7 சதவீதம் வந்தது. எங்கள் குழுவின் வாதம் முழுவதும் இந்த இரண்டு ஆய்வுகளின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் இதே ஐக்கன் குழு 2011-இல் நான்கு அமெரிக்க மாநிலங்களின் 665 மருத்துவமனைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவை எங்கள் குழுவில் யாரும் எடுத்துப் பேசவில்லை. பணிச்சூழல் (தலைமையின் ஆதரவு, மருத்துவர்களோடு உள்ள உறவு போன்றவை) மிக நன்றாக இருந்த மருத்துவமனைகளில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி குறைந்தபோது இறப்பின் சாத்திய விகிதம் 9 சதவீதம் குறைந்தது. நடுத்தரமான சூழலில் அது 4 சதவீதமாகச் சுருங்கியது. சூழல் மோசமாக இருந்த இடங்களிலோ, ஆள்களைக் கூட்டியதால் ஏறத்தாழ எந்த மாற்றமும் தென்படவில்லை.

இதைப் படித்த பிறகு, எண்ணிக்கையை மட்டும் கேட்டு முன்மொழிவு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆள்பலத்தைக் கேட்கும் அதே தாளில் பணிச்சூழலையும் கேட்காவிட்டால், வந்து சேரும் ஆள்களும் வீணாவார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

புள்ளியியல் ஆசிரியர் எழுதியது:

முன்மொழிவில் எண்களை எழுதுவதற்கு முன் ஒரு விளக்கம் தேவை. 7 சதவீதம் என்றவுடன், நூறு பேரில் கூடுதலாக ஏழு பேர் இறக்கிறார்கள் என்று நிர்வாகிகள் பலர் புரிந்துகொள்கிறார்கள். 2002 ஆய்வில் 30 நாள்களுக்குள் இறந்தவர்கள் மொத்த நோயாளிகளில் ஏறத்தாழ 2 சதவீதம். அந்த 2 சதவீதத்தின் மேல்தான் 7 சதவீத உயர்வு நிகழ்கிறது. எனவே, ஆயிரம் நோயாளிகளுக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற அளவில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறிய எண்தானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது; ஒரு செவிலியருக்கு நான்கு நோயாளிகள் என்ற நிலையிலிருந்து எட்டு என்ற நிலைக்குப் போகும்போது உயர்வு 31 சதவீதமாகிறது. அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்த்தால், தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் எத்தனை என்பது தெரியும்.

இரண்டாவதாக, நீங்கள் குறிப்பிட்ட ஆய்வுகள் அனைத்தும் ஒரே காலத்தில் பல மருத்துவமனைகளை ஒப்பிட்டவை. நல்ல மருத்துவமனை வேறு பல வகைகளிலும் நல்லதாக இருக்கும் என்ற ஆட்சேபம் எழும்போது, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. அந்த ஆட்சேபத்துக்குப் பதிலாக அமையும் ஆய்வுகள் வேறு. ஜாக் நீடில்மேன் குழு 2011-இல் ஒரே ஒரு மருத்துவமனைக்குள், 43 பிரிவுகளில் 1,76,696 ஷிப்டுகளைத் தனித்தனியாக ஆராய்ந்தது. அந்த மருத்துவமனையே தனக்கு வகுத்துக்கொண்ட இலக்கைவிடச் செவிலியர் நேரம் குறைந்த ஷிப்டுகளை ஒரு நோயாளி எந்த அளவுக்கு எதிர்கொண்டாரோ, அந்த அளவுக்கு அவருடைய இறப்பு அபாயம் கூடியிருந்தது. புதிய நோயாளிகள் சேர்வதும் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் அதிகமாக இருந்த ஷிப்டுகளிலும் இதே நிலை காணப்பட்டது. ஒரே கட்டடம், ஒரே நிர்வாகம் என்பதால், நல்ல மருத்துவமனை, மோசமான மருத்துவமனை என்ற வாதம் இங்கே எழ இடமில்லை.

மற்றொன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். அங்கே 2016-இல், பகலில் நான்கு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சராசரி அளவு சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்த 27 மருத்துவமனைகளையும், வராத 28 மருத்துவமனைகளையும் முன்னும் பின்னுமாக ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி குறைந்ததால் இறப்பும், மீண்டும் சேர்க்கப்படுவதும் 7 சதவீதம் குறைந்தன. மருத்துவமனையில் தங்கும் காலமும் 3 சதவீதம் குறைந்தது. கூடுதல் செவிலியர்களுக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மிச்சமானது என்பது நிர்வாகம் கட்டாயம் படிக்க வேண்டிய வரி.

ஆகவே எண்ணிக்கையின் வலிமையைக் குறைத்து எழுதிவிடாதீர்கள். சூழலும் வேண்டும் என்று சொல்லப் போய், "அப்படியானால் முதலில் சூழலைச் சரிசெய்வோம், ஆள்களைப் பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட ஒரு வாய்ப்பை நீங்களே கொடுத்துவிடக் கூடாது.

இரவுப்பணி எழுதியது:

நான் பத்து ஆண்டுகளுக்கு மேலாக வார்டில் பணிபுரிகிறேன். எண்களை உங்களைப் போல விளக்க எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எண்களுக்கு இடையே வார்டில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

ஆள் குறைந்த இரவில் எந்தச் செவிலியரும் மருந்தை நிறுத்துவதில்லை, ஊசியை நிறுத்துவதில்லை, மருத்துவர் எழுதிய எதையும் விடுவதில்லை. அவற்றுக்கெல்லாம் தாளில் கட்டம் இருக்கிறது. கையெழுத்து இல்லாவிட்டால் காலையில் கேள்வி வரும். கட்டம் இல்லாத வேலைகள்தான் முதலில் விடுபடுகின்றன. அசைய முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வது, அறுவைச் சிகிச்சை முடிந்தவரைக் கைத்தாங்கலாக நான்கு அடி நடக்க வைப்பது, பயந்திருப்பவரின் பக்கத்தில் சற்று நிற்பது, வீட்டுக்குப் போகிறவருக்கு மாத்திரைகளைப் பொறுமையாக விளக்குவது ஆகிய எல்லாம் விடுபடும். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணாமல், முந்தைய அளவையே பார்த்து எழுதிவிடும் பழக்கமும் இத்தகைய இரவுகளில்தான் தோன்றுகிறது. நோயாளியின் நிலை கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் வேகம்தான் என்பதை நினைத்தால், இதன் விளைவு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போன பிறகும் இது மனத்தை விட்டுப் போவதில்லை. செய்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் செய்ய முடியாமல் போனவைதான் எங்களைக் களைப்படையச் செய்கின்றன. வேலை அதிகம் என்பதால் மட்டும் யாரும் இந்தத் தொழிலை விட்டுப் போவதில்லை. சரியாகச் செய்ய முடியவில்லை என்பதால் போகிறார்கள்.

புள்ளியியல் ஆசிரியர் எழுதியது:

இரவுப்பணி அவர்கள் சொன்னதைத்தான் விடுபட்ட செவிலியப் பராமரிப்பு என்ற பெயரில் பியாட்ரிஸ் காலிஷ் 2006 முதல் ஆராய்ந்து வந்தார். ஜேன் பால் முதலியோர் 2018-இல் ஐரோப்பியத் தரவுகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், விடுபட்ட பராமரிப்பு 10 சதவீதம் கூடும்போது, அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாள்களுக்குள் இறக்கும் சாத்திய விகிதம் 16 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆள் குறைவுக்கும் இறப்புக்கும் இடையே உள்ள பாதையின் ஒரு பகுதி இந்த விடுபடுதல் வழியாகச் செல்கிறது என்பது அவர்களின் முடிவு.

நிர்வாகத்திலிருந்து எழுதியது:

இங்கே எழுதுபவர்களில் நான் ஒருவன்தான் மறுபக்கத்தில் அமர்ந்திருப்பவன் போலும். ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆள் எங்கே இருக்கிறார்கள்? உலகில் 2 கோடியே 79 லட்சம் செவிலியர்கள் இருப்பதாகவும், 59 லட்சம் பேர் பற்றாக்குறை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. விளம்பரம் செய்தும் இடங்கள் நிரம்புவதில்லை. நிரம்பினாலும் பலர் ஓராண்டுக்குள் விலகிவிடுகிறார்கள். அதனால்தான் நாங்கள் செவிலியர் நலனுக்காக மனநல ஆலோசனை, யோகா வகுப்பு, மன உறுதிப் பயிற்சி என்று தொடங்கினோம். வருபவர்கள் குறைவு. இதுவும் பயனில்லை என்றால், எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்வது என்பதை உண்மையாகவே கேட்கிறேன்.

பொறுப்புச்செவிலி எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. நீங்கள் இங்கே வந்து கேட்டதற்கு நன்றி சொல்கிறேன்.

யோகாவையோ ஆலோசனையையோ நான் குறை சொல்லவில்லை. தேவைப்படுபவர்களுக்கு அவை கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்காவில் 60 மருத்துவமனைகளின் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். செவிலியர்களில் 47 சதவீதம் பேர் கடும் பணிச்சோர்வில் இருந்தார்கள். அவை சாதாரண மருத்துவமனைகளும் அல்ல, செவிலியப் பணிச்சூழலுக்காக மேக்னட் என்ற அங்கீகாரம் பெற்றவை. உங்களுக்கு எது உதவும் என்று கேட்டபோது, போதிய செவிலியர்கள், இடையூறின்றி ஓய்வெடுக்கும் நேரம், பணிநேரத்தின் மேல் தங்களுக்கு ஓரளவு கட்டுப்பாடு ஆகியவற்றைத்தான் அவர்கள் முன்வைத்தார்கள். மன உறுதிப் பயிற்சி போன்றவை பட்டியலின் கீழே இருந்தன. செவிலியர்களுக்கு உறுதி குறைவு என்பதல்ல பிரச்சினை; அவர்கள் உறுதியாக இருப்பதால்தான் வார்டுகள் இன்னும் நடக்கின்றன.

ஆள் கிடைக்கவில்லை என்று சொல்கிறீர்கள், வந்தவர்கள் ஓராண்டுக்குள் போய்விடுகிறார்கள் என்றும் சொல்கிறீர்கள். இவை ஒன்றோடொன்று பிணைந்தவை என்று நான் கருதுகிறேன். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடும் செவிலியர் தட்டுப்பாடு நிலவியபோதே, சில மருத்துவமனைகளுக்கு மட்டும் ஆள்கள் வந்ததோடு நிலைத்தும் இருந்தார்கள். அமெரிக்கச் செவிலிய அகாதெமி அத்தகைய 41 மருத்துவமனைகளை ஆராய்ந்து 1983-இல் அறிக்கை வெளியிட்டது. காந்தம் என்று பொருள்படும் மேக்னட் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். அங்கே கண்ட கூறுகளிலிருந்து உருவான வினாப்பட்டியலைச் சுருக்கி, ஐலீன் லேக் 2002-இல் 31 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலாக்கினார். இன்று பல நாடுகளில் பணிச்சூழலை அளக்கப் பயன்படுவது அதுதான்.

அந்த அளவுகோலில் ஐந்து பகுதிகள் உண்டு. மருத்துவமனையின் முடிவுகளில் செவிலியருக்குப் பங்கு இருக்கிறதா, தரமான பராமரிப்புக்கான அடித்தளம் இருக்கிறதா, பொறுப்புச் செவிலியரின் தலைமையும் ஆதரவும் எப்படி, ஆள்களும் பொருள்களும் போதுமா, மருத்துவருக்கும் செவிலியருக்கும் உள்ள உறவு எப்படி என்பவை அவை. ஐந்தில் ஒன்றுதான் ஆள்பலம் என்பதைக் கவனியுங்கள். மற்ற நான்கில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய நியமனம் எதுவும் தேவையில்லை. ஒரு செவிலியர் மருத்துவரை இரவில் அழைத்து, "எனக்கு இந்த நோயாளியைப் பார்த்தால் சரியாகப் படவில்லை" என்று சொன்னால், திட்டு விழாமல் பதில் கிடைக்கிறதா என்பதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம். கேட்ட பொருளைத் தேடி மூன்று வார்டுகளுக்கு அலையாமல் இருக்கும்படி செய்வதற்கும் பெரிய செலவில்லை. லேக் குழு 2019-இல் 22 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நல்ல பணிச்சூழல் உள்ள இடங்களில் பணிச்சோர்வும், அதிருப்தியும், வேலையை விட்டுப் போகும் எண்ணமும் 28 முதல் 32 சதவீதம் வரை குறைந்த சாத்திய விகிதத்தில் இருந்தன. நீங்கள் தேடும் ஆள்களில் ஒரு பகுதியினர் இப்போது உங்களிடமே இருக்கிறார்கள். அவர்களைப் போகாமல் வைத்திருப்பதுதான் முதல் நியமனம்.

தரக்கண்காணிப்பு எழுதியது:

ஒரு முக்கியமான எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். முன்மொழிவு ஏற்கப்பட்ட பிறகு, "பிழை அறிக்கைகள் குறைந்திருக்கின்றனவா" என்று நிர்வாகம் நிச்சயம் கேட்கும். அந்த அளவுகோலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் ஒத்துழைப்பும் உள்ள குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். நேர்மாறாக, அத்தகைய குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைச் சொன்னால் தண்டனை இல்லை என்ற நம்பிக்கை இருந்ததால், அவர்கள் அதிகம் சொன்னார்கள். மற்றக் குழுக்களில் பிழைகள் மறைந்து கிடந்தன. உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தை அவர் பிறகு விரிவாக வளர்த்ததற்கு இந்த எதிர்பாராத முடிவும் ஒரு தொடக்கம்.

ஆகவே பணிச்சூழல் சீரடையத் தொடங்கும் முதல் மாதங்களில் அறிக்கைகள் கூடுவதே நல்ல அறிகுறியாக இருக்கலாம். குறைய வேண்டும் என்று இலக்கு வைத்தால், குறையத்தான் செய்யும், எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். படுக்கைப்புண், கத்தீட்டர் வழியாக வரும் சிறுநீர்த் தொற்று, விழுந்து அடிபடுதல் போன்று, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நோயாளியின் உடலில் தெரிபவற்றைத்தான் அளக்க வேண்டும்.

மருந்து கொடுக்கும்போது ஏற்படும் குறுக்கீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழு சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 4,271 முறை மருந்து கொடுக்கப்பட்டதை நேரில் கவனித்து 2010-இல் எழுதியது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் செயல்முறைத் தவறுகளும் மருந்துப் பிழைகளும் 12 சதவீதம் அளவுக்குக் கூடின. "என்னை அழைக்காதீர்கள்" என்று எழுதிய மேலங்கியை அணிவிப்பதைத் தீர்வாகச் சிலர் முன்வைக்கிறார்கள். அது குறுக்கீட்டை ஓரளவு குறைத்தாலும், செவிலியர்கள் அதைத் தொந்தரவாகவே உணர்ந்தார்கள். யார், எதற்காக அழைக்கிறார்கள் என்று பார்த்து, அந்தக் காரணங்களை வேறு வழியில் தீர்ப்பதே மேல்.

இரவுப்பணி எழுதியது:

ஷிப்டின் நீளத்தைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. 12 மணி நேர ஷிப்டை எங்களில் பலர் விரும்புகிறோம் என்பதை நான் மறைக்கவில்லை. வாரத்தில் வேலைக்கு வரும் நாள்கள் குறைகின்றன, பிள்ளைகளோடு இருக்க முடிகிறது. அதை நிர்வாகம் நீக்கப் போகிறது என்றால் எதிர்ப்பும் வரும்.

தரக்கண்காணிப்பு எழுதியது:

அந்த விருப்பம் மதிக்கப்பட வேண்டியதே. ஆனால் ஆன் ராஜர்ஸ் குழுவின் 2004 ஆய்வில், தங்கள் பணிநேரத்தை நாள்தோறும் குறித்துவந்த 393 செவிலியர்களில், பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட ஷிப்டுகளில் பிழை நேரும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. 12 ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்விலும், 8 மணி நேரம் பணிபுரிந்தவர்களைவிட 12 மணி நேரம் பணிபுரிந்தவர்கள், பராமரிப்பின் தரம் தாழ்ந்ததாகவும் அதிக வேலைகள் விடுபட்டதாகவும் சொன்னார்கள். உடனடியாக நீக்கச் சொல்ல மாட்டேன். 12 மணி நேரம் என்று தாளில் இருப்பது, அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைத்து முடித்துக் கிளம்பும்போது உண்மையில் எத்தனை மணி நேரமாகிறது என்பதை முதலில் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் ஆபத்து அந்தக் கடைசி நீட்சியில்தான் இருக்கிறது.

நிர்வாகத்திலிருந்து எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை. லேக் அளவுகோலை எங்கள் வார்டுகளில் பயன்படுத்திப் பார்க்க விரும்புகிறேன். ஆனால் எங்கள் செவிலியர்கள் உண்மையை எழுதுவார்களா? எங்களுடைய வார்டுகள் சிறியவை. ஆறேழு பேர் மட்டும் உள்ள வார்டில், பொறுப்புச் செவிலியரைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று எளிதில் ஊகித்துவிடலாம்.

புள்ளியியல் ஆசிரியர் எழுதியது:

சரியான கவலை. படிவங்களைப் பொறுப்புச் செவிலியர் வழியாகக் கொடுக்கவோ திரும்பப் பெறவோ வேண்டாம்; மருத்துவமனைக்கு வெளியே உள்ள ஒரு செவிலியர் கல்லூரியின் ஆசிரியர்களிடம் அந்தப் பணியை ஒப்படைக்கலாம். வயது, அனுபவ ஆண்டுகள் போன்ற கேள்விகளைக் குறைத்துவிடுங்கள். சிறிய வார்டில் ஒருவரைக் காட்டிக்கொடுப்பவை அவைதான். பத்துக்கும் குறைவானவர்கள் பதிலளித்த வார்டுகளின் முடிவுகளைத் தனியாக வெளியிடாமல், ஒத்த தன்மையுள்ள இரண்டு மூன்று வார்டுகளாகச் சேர்த்து வெளியிடுங்கள். இந்த விதிகளைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. கூடுதல் செவிலியர்கள் வருவதற்கு முன்பே முதல் அளவெடுப்பு முடிந்திருக்க வேண்டும். எல்லா வார்டுகளுக்கும் ஒரே நேரத்தில் ஆள் கொடுக்க முடியாது என்றால், அதுவே ஒரு வாய்ப்பு: எந்த வார்டுக்கு முதலில், எதற்குப் பிறகு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தால், பிறகு வருபவை முன்பு பெற்றவற்றுக்கு ஒப்பீடாக அமையும்.

பொறுப்புச்செவிலி எழுதியது:

குலுக்கல் முறையை எங்கள் குழுவிடம் முன்வைக்கிறேன். எந்த வார்டு முதலில் என்ற சச்சரவும் அதனால் தவிரும். முன்மொழிவில் இப்போது மூன்று கோரிக்கைகளைச் சேர்த்திருக்கிறேன்: கூடுதல் செவிலியர்கள், ஷிப்டின் உண்மையான நீளத்தைப் பதிவு செய்தல், நோயாளியின் நிலை குறித்துச் செவிலியர் கவலை தெரிவித்தால் மருத்துவர் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்ற எழுத்துப்பூர்வ விதி. மூன்றாவதற்கு மருத்துவர்களின் ஒப்புதல் தேவைப்படுவதால், அவர்களோடு அடுத்த வாரம் பேச இருக்கிறோம். இத்தகைய விதி நடைமுறையில் உள்ள மருத்துவமனைகளில் பணிபுரிபவர்கள் யாரேனும் இருந்தால், அதன் வாசகத்தை இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.